மாதிரி பார்க்காத கைகள்

எங்கள் வகுப்புக்குப் புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே ஒரு புகைப்படத்தைக் கொடுப்பேன். அதில் வயதில் மூத்த, குட்டை உருவமுள்ள ஒரு பெண்மணி நிற்கிறார். நூலாலேயே சுற்றிச் சுற்றி உண்டாக்கிய ஒரு பெரிய உருவத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, முகத்தை அதன்மேல் அழுத்தி வைத்திருக்கிறார். படம் எடுத்தவர் லியோன் போரென்ஸ்டைன் என்ற புகைப்படக் கலைஞர். படத்தில் இருப்பவர் ஜூடித் ஸ்காட். அவர் கட்டிப்பிடித்திருப்பது அவரே செய்த சிற்பம்.

வகுப்பு திருவான்மியூர் வால்மீகி நகரில், எங்கள் வீட்டு மாடியில் நடக்கிறது. வருகிறவர்கள் அத்தனை பேரும் காது கேளாத பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் உண்டு, பாதியில் விட்டவர்களும் உண்டு, கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. நானும் என் தங்கையும் சேர்ந்து கைவேலை சொல்லித் தருகிறோம். தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் தைக்கும் ரவிக்கைக்குக் கீழ வீதி, மேல வீதி என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வருவார்கள்.

படத்தைக் கையில் வாங்கும் பெண்கள் அநேகமாக எல்லோரும் சைகையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உள்ளே என்ன இருக்கிறது?"

அதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆனால் அந்த உருவத்தைச் செய்த கைகளுக்கு எவ்வளவு காலம் கழித்து நூல் கிடைத்தது என்பதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இந்தப் பெண்களை விடவும் நாம்தான்.

காதைச் சோதிக்காத பரீட்சை

ஜூடித் 1943 மே 1ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். கூடவே இரட்டையாகப் பிறந்தவர் ஜாய்ஸ். ஜாய்ஸுக்கு எந்தக் குறையும் இல்லை. ஜூடித்துக்கு டவுன் சிண்ட்ரோம். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் உண்டாகும் நிலை அது. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து அவருடைய காது கேட்காமல் போனது என்கிறார்கள். ஆனால் காது கேட்கவில்லை என்ற விஷயமே யாருக்கும் தெரியவில்லை. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

சகோதரிகள் இருவரும் ஒரே படுக்கையில் தூங்கினார்கள், ஒரே மணல்குவியலில் விளையாடினார்கள். பள்ளி வயது வந்ததும் ஜூடித்தின் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். கேள்விகளை வாயால் கேட்டார்கள். காது கேளாத பிள்ளையிடம் வாயால் கேட்ட கேள்விகளுக்கு அவர் வாங்கிய மதிப்பெண் 30. படிக்க வைக்க லாயக்கில்லை என்று அதை வைத்தே எழுதிவிட்டார்கள். 1950 அக்டோபர் 18ஆம் தேதி, ஏழு வயதில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான கொலம்பஸ் அரசு விடுதிக்கு அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். காலையில் கண் விழித்த ஜாய்ஸ் பக்கத்தில் ஜூடித்தைக் காணாமல் தவித்ததைப் பிற்காலத்தில் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த விடுதியிலும், பிறகு கலிபோலிஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு விடுதியிலுமாக, ஜூடித்தின் வாழ்க்கையில் 35 வருடம் கழிந்தது. எழுத்து சொல்லித் தரவில்லை, சைகை மொழியும் சொல்லித் தரவில்லை. ஒரு முறை வண்ணக் கிரேயானை அவர் கையில் எடுத்தபோது, இந்தப் பெண்ணுக்கு வரையும் அளவுக்குக்கூட அறிவு இல்லை என்று பிடுங்கிவிட்டார்கள் என ஜாய்ஸ் சொல்லியிருக்கிறார். காது கேளாமை தெரியவந்தது பல வருடம் கழித்துத்தான். அதற்குள் அவருடைய பிள்ளைப் பருவமும் இளமையும் முடிந்திருந்தன.

தாம்பாளம் விழுந்தபோது

இதை அமெரிக்காவில் நடந்த பழைய கதை என்று ஒதுக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டுக்குள்ளேயே அது நடக்கப் பார்த்தது.

தங்கைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்கப் பாட்டி பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து, அவள் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் தொப்பென்று போட்டார். தங்கை திடுக்கிட்டுத் திரும்பினாள். "காது கேக்குது. புத்திதான் மந்தம்" என்றார் பாட்டி. அந்த ஒரு வாக்கியத்தை நம்பியே எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடியது.

அவள் திரும்பியது சத்தத்தால் அல்ல, தரை அதிர்ந்ததால். காது கேளாத குழந்தைக்கு உள்ளங்காலும் தொடையும் உள்ளங்கையும் அவ்வளவு கூர்மையாக வேலை செய்யும். கதவைச் சாத்தினால் காற்று மேலே படுவதை வைத்துத் திரும்பும், பின்னால் யாராவது வந்தால் நிழலை வைத்துத் திரும்பும். வீட்டில் கைதட்டிப் பார்ப்பது, பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது எல்லாமே இதனால்தான் பெற்றவர்களை ஏமாற்றிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் முறையாகச் சோதித்த பிறகுதான் அவளுக்குப் புத்தி மந்தமில்லை, காதுதான் கேட்கவில்லை என்று தெரிந்தது. அம்மா அன்று அழுதார். அப்பா அழவில்லை. "அப்ப படிக்க வைக்கலாம்ல?" என்று டாக்டரிடம் கேட்டாராம்.

இன்று பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைக்கே சோதனை செய்யலாம். ஓ.ஏ.இ. என்று சொல்வார்கள். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். நல்ல காதாக இருந்தால் உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் அந்த ஒலிக்குப் பதிலாகத் தாமே ஒரு மிக மெல்லிய ஒலியை எழுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். வலி கிடையாது, சில நிமிட வேலைதான். அதில் சந்தேகம் வந்தால் பெரா என்ற சோதனை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒலிக்கான மின்துடிப்பு போகிறதா என்று தலையில் மின்முனைகள் ஒட்டிப் பார்ப்பார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடக்கம் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் குறிப்பிடத்தக்க செவிக்குறையோடு பிறக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் கேட்கும் குறை மிகவும் சாதாரணம். அதனால் அவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கேட்க உதவும் காக்ளியர் கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே, சாஸ்திரி நகரில், 1969இல் தொடங்கிய பால வித்யாலயா கைக்குழந்தைப் பருவத்திலேயே காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பேச்சும் மொழியும் பழக்குகிறது. காந்தி நகரில் செயின்ட் லூயிஸ் நிறுவனம் இருக்கிறது, மயிலாப்பூரில் 1970இல் தொடங்கிய கிளார்க் பள்ளி இருக்கிறது. கருவி ஒரு வழி, சைகை மொழி ஒரு வழி, இரண்டும் சேர்ந்தது இன்னொரு வழி. எது சரி என்று பெரியவர்கள் வாதாடட்டும். ஏதோ ஒரு மொழி குழந்தைக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் வாதமே இல்லை. ஜூடித்துக்கு எந்த மொழியுமே கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் ஒன்றுமே செய்யாமல்

1985இல் ஜாய்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். ஜூடித்தைத் தன்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் அலுவலகமாகப் பேசி, சட்டப்படி பாதுகாவலர் பொறுப்பை வாங்கி, கலிபோர்னியாவில் தான் இருந்த பெர்க்லிக்கு அழைத்துவந்தார். அப்போது இருவருக்கும் வயது 42.

பக்கத்து நகரமான ஓக்லண்டில் கிரியேட்டிவ் குரோத் என்று ஒரு கலைக்கூடம் இருந்தது. புளோரன்ஸ் லூடின்ஸ்-கட்ஸ் என்ற ஓவிய ஆசிரியையும் அவர் கணவரான உளவியலாளர் இலையாஸ் கட்ஸும் 1974இல் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் அதைத் தொடங்கினார்கள். பெரிய விடுதிகளை மூடி, உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வெளியே வந்தவர்கள் பகல் பொழுதில் என்ன செய்வார்கள்? களிமண், வண்ணம், மரம், நூல் எல்லாவற்றையும் மேஜையில் வைத்து அவர்களை உட்கார வைத்தார்கள். அங்கே உதவிக்கு நிற்பவர்கள் மருத்துவர்களோ பயிற்சியாளர்களோ அல்ல, தாங்களே கலைஞர்கள். இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவர்கள் சொல்வதில்லை.

1987 ஏப்ரல் 1ஆம் தேதி ஜூடித் அங்கே சேர்ந்தார். கிரேயான் கொடுத்தார்கள், கொஞ்சம் கிறுக்கினார். வண்ணம் கொடுத்தார்கள், ஈடுபாடில்லை. மாதங்கள் போயின. ஏறத்தாழ இரண்டு வருடம் அப்படியே போனது. இந்த இரண்டு வருடத்தை என் மாணவிகளின் பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வேன். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. இவருக்கு ஒன்றும் வராது என்று இன்னொரு தாளில் யாரும் எழுதவில்லை.

பிறகு சில்வியா செவன்டி என்ற நார்க்கலைஞர் ஒருவர் அங்கே வகுப்பெடுக்க வந்தார். ஜூடித் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார். எல்லோருக்கும் சொல்லித் தந்ததை அவர் செய்யவில்லை. கிடந்த குச்சிகளைச் சேர்த்தார், நூலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. 2005 மார்ச்சில், 61 வயதில், ஜாய்ஸின் அணைப்பில் உயிர் பிரியும் வரை 200க்குப் பக்கமாகச் சிற்பங்கள் செய்தார். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சுற்றுவதில் இருக்கும் வேலை

நூலைச் சுற்றினால் சிற்பமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நூலோடு பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே ஒரு கரு வேண்டும். ஜூடித் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வார். குச்சி, அட்டைக் குழாய், பத்திரிகை, உடைந்த நாற்காலி, கடையில் சாமான் வைத்துத் தள்ளும் வண்டி. கலைக்கூடத்தில் வேலை செய்தவர்களின் சாவிக்கொத்தும் மோதிரமும்கூட நூலுக்குள் போயிருக்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டுவதே பெரிய வேலை. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் உருவம் நிற்காது. ஆளுயரச் சிற்பங்கள் எல்லாம் அவர் தனியாகக் கட்டியவை.

பிறகு சுற்று. தளர்த்திச் சுற்றினால் நூல் வழுக்கிவிடும், இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் அட்டை நசுங்கும். ஒரு அடுக்கு முடிந்ததும் அடுத்த அடுக்கு வேறு கோணத்தில் போக வேண்டும். அப்போதுதான் முந்தையது பிடித்து நிற்கும். அவருடைய சிற்பங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், குறுக்குச் சுற்று, முடிச்சு, ஒன்றன் கீழ் ஒன்றாகச் செருகியது, வலைபோல் பின்னியது எல்லாம் தெரியும். துணிக் கீற்றும் கம்பளி நூலும் கலந்து வரும். ஒரு இடத்தில் நீலத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு இழை ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். அடியில் போட்ட நிறத்தை எவ்வளவு மூட வேண்டும், எந்த இடத்தில் திறந்து விட வேண்டும் என்று தீர்மானிக்கும் கண் அது. பாவும் ஊடையும் சேரும்போது என்ன நிறம் வரும் என்று என் அப்பா மனதுக்குள் கணக்குப் போடுவார். அதே கணக்குதான் இதுவும், தறி மட்டும்தான் இல்லை.

அப்பா கலாக்ஷேத்ராவில் நெய்தவர். ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே அங்கே நெசவும் தொடங்கியது. 1962இல் நிறுவனம் அடையாற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது. பழைய சேலைகளைப் பார்த்து, அகலமான கரையும் எடுப்பான எதிர்நிறமும் வைத்து நெய்த சேலைகளை இன்றைக்கும் கலாக்ஷேத்ரா சேலை என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். சிறு வயதில் தங்கை அப்பாவின் தறிக்கட்டையில் உள்ளங்கையை வைத்தபடி மணிக்கணக்கில் நிற்பாள். மிதி இறங்கும்போது ஒரு அதிர்வு, நாடா ஓடும்போது ஒரு அதிர்வு, பண்ணை வந்து அடிக்கும்போது இன்னொன்று. எங்களுக்குச் சத்தமாகக் கேட்டது அவளுக்குக் கையில் கேட்டது. இப்போதும் தையல் மெஷினில் நூல் அறுந்தால், பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். காது கேட்காத ஒருவருக்கு நூலும் துணியும் இவ்வளவு நெருக்கமாவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இழுத்தால் பதில் சொல்லும் பொருள் நூல். பதிலைக் கேட்கக் காது தேவையில்லை.

ஜூடித்தின் சிற்பங்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, இரட்டை. ஆரம்ப காலச் சிற்பங்கள் பலவற்றில் இரண்டு உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாகக் கட்டியிருக்கிறார். பிரிந்துபோய்த் திரும்பி வந்த சகோதரியையும் தன்னையும்தான் அவர் கட்டினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஜாய்ஸும் அப்படியே உணர்ந்தார். இரண்டாவது, மறைப்பு. எடுத்து வைத்த பொருளைப் பல சிற்பங்களில் வெளியே தெரியாதபடி மூடிவிடுவார். விடுதியில் 35 வருடம் சொந்தமாக ஒரு பொருளும் இல்லாமல் வாழ்ந்தவர், கிடைத்ததையெல்லாம் யாரும் பிடுங்க முடியாத இடத்தில் வைத்தாரோ என்று எனக்குத் தோன்றும். இது என் யோசனைதான். ஹோமத்துக்குக் கலசம் வைக்கும்போது செம்பு முழுவதும் கட்டம் கட்டமாக நூல் சுற்றுவார்களே, சுற்றி முடித்ததும் அது வெறும் செம்பாக இருப்பதில்லை. ஜூடித் எந்தச் சடங்கும் செய்யவில்லை. ஆனால் அவர் சுற்றி முடித்ததும் அந்தப் பொருள் சாவியாகவோ நாற்காலியாகவோ இருப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் ஒன்றில் நூலே கிடையாது. ஒரு நாள் அவருக்குத் தேவையான நூல் கிடைக்கவில்லை. கை துடைக்கும் காகிதத் துண்டுகளை அள்ளி வந்து, அவற்றையே முறுக்கி, முடிச்சுப் போட்டு, ஒரு முழு உருவத்தைச் செய்துவிட்டார். எப்போதும் கொட்டிக் கிடக்கும் நிறங்கள் அதில் இல்லை. முழுக்கக் காகிதத்தின் நிறம்தான். பொருள் இல்லாதபோதும் கை நிற்கவில்லை என்றால், அந்தக் கைக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

சிகிச்சை என்று சொல்லாதீர்கள்

ஜூடித்தைப் பற்றிச் சொன்னால் உடனே வரும் வார்த்தை "நல்ல தெரபி". எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஊனமில்லாத ஒருவர் பத்து மணிநேரம் உட்கார்ந்து வரைந்தால் அதைக் கலை என்கிறோம். காது கேளாதவர் செய்தால் பொழுதுபோக்கு, சிகிச்சை, மன ஆறுதல் என்கிறோம்.

உலகம் ஜூடித்தை அப்படிப் பார்க்கவில்லை. ஜான் மெக்ரிகர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1999இல் அவரைப் பற்றித் தனி நூல் எழுதினார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், சான் பிரான்சிஸ்கோவின் நவீன கலை அருங்காட்சியகம், சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஆர்ட் ப்ரூட் (முறையான பயிற்சி பெறாதவர்களின் கலை) சேகரிப்பு ஆகிய இடங்களில் அவருடைய சிற்பங்கள் இருக்கின்றன. 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச் வரை ப்ரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை மட்டும் வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2017 வெனிஸ் பைனாலே கலைக் கண்காட்சியில் உலகின் மற்றக் கலைஞர்களோடு அவருடைய சிற்பங்களும் நின்றன. அங்கே யாரும் பாவம் என்று பார்க்க வரவில்லை. கலையைப் பார்க்க வந்தார்கள்.

நம் நாட்டில் சதீஷ் குஜ்ராலை நினைத்துப் பாருங்கள். 1925இல் ஜீலம் நகரில் பிறந்தவர். எட்டு வயதில் காஷ்மீரில் லிட்டர் ஆற்றில் தவறி விழுந்து, அதன் விளைவாகக் கேட்கும் திறனை இழந்தார். படுக்கையில் கிடந்த பிள்ளைக்கு வீட்டில் புத்தகங்கள் கொடுத்தார்கள், வரையவும் விட்டார்கள். லாகூரின் மேயோ கலைப்பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி, 1952இல் மெக்சிகோவுக்கு உதவித்தொகை, அங்கே டியகோ ரிவேரா, சிக்கேரோஸ் போன்ற சுவரோவிய மேதைகளோடு பழக்கம். ஓவியம், சுவரோவியம், எரித்த மரத்தில் சிற்பம், புதுடெல்லி பெல்ஜியத் தூதரகக் கட்டடம் என்று எல்லாம் செய்தவர். 1999இல் பத்ம விபூஷண் பெற்றார். 2020இல் மறைந்தார். அவரை நாம் கலைஞர் என்றுதான் சொல்கிறோம், சிகிச்சை பெற்றவர் என்று சொல்வதில்லை.

இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. ஒருவருக்கு எட்டு வயதில் பென்சில் கிடைத்தது, இன்னொருவர் கையிலிருந்து கிரேயானைப் பிடுங்கினார்கள். மற்ற வேறுபாடுகள் பல இருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் பெரியவர்களால் மாற்றியிருக்க முடியும்.

எங்கள் மாடியில் வியாழக்கிழமை

நம் ஊரில் காது கேளாத பெண்களுக்குக் கைத்தொழில் சொல்லித் தர ஏற்பாடு இல்லாமல் இல்லை. தையல், எம்பிராய்டரி, ஆரி வேலை, காகிதப் பை, மெழுகுவர்த்தி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். என் தங்கையும் அப்படிக் கற்றுத்தான் பிழைக்கிறாள், அந்தப் பிழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எங்கே போனாலும் முதலில் கையில் கொடுப்பது ஒரு மாதிரி. மயில் மாதிரி, மாங்காய் மாதிரி. டிரேஸ் எடு, அச்சாகப் போடு, ஒரு தையல் பிசகாதே. காது கேளாதவர்களுக்குக் கண்ணும் கையும் கூர்மை, அதனால் நகல் எடுப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பாராட்டும் வரும். வருடக்கணக்காக நகல் எடுத்த கைக்குத் தனக்கென்று என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்பதே இல்லை.

ஜூடித்தைப் பற்றிப் படித்த பிறகு வியாழக்கிழமைகளை மாதிரி இல்லாத நாள் என்று வைத்தோம். தையல்காரர்களிடமிருந்து வெட்டுத்துணி மூட்டை வரும். சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மிச்ச நூல்கண்டுகளை எடைக்கு வாங்கி வருவோம். கம்பி, தேங்காய் மட்டை, உடைந்த குடை, பழைய மூங்கில் தட்டி எல்லாவற்றையும் நடுவில் கொட்டிவிடுவோம். நானும் தங்கையும் எதுவும் காட்ட மாட்டோம்.

முதலில் அவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். "என்ன செய்யணும்?" என்று சைகையில் கேட்பார்கள். "உன் இஷ்டம்" என்றால் நம்ப மாட்டார்கள். சரியா தப்பா என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் முகத்தைப் பார்ப்பார்கள். பத்து வயதிலிருந்து தையல் கற்ற ஒரு பெண் பல வாரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் உடைந்த குடையை எடுத்தாள். ஒவ்வொரு கம்பியாகச் சிவப்பு நூல் சுற்றினாள், நடுவில் வெட்டுத்துணியை முறுக்கி முறுக்கி அடைத்தாள். முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என்ன என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். மழையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது மற்றப் பிள்ளைகள் பேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அந்த நேரம் இது என்றாள். இருபத்து மூன்று வயதில், தன் பள்ளிக்காலத்தைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னாள். அவள் அம்மா பக்கத்தில் இருந்தார். சைகை சரியாகத் தெரியாத அம்மா. மகள் சொன்னதை நான் வாயால் சொல்லச் சொல்ல, அந்தக் குடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இன்னொரு பெண்ணின் அம்மா நேராகவே கேட்டார். "டீச்சர், நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஆர்டர் வருமா?"

நியாயமான கேள்வி. வாடகையும் சோறும் இருக்கிற வீட்டில் அதைக் கேட்காமல் முடியாது. "வாரத்துல அஞ்சு நாள் ஆர்டர் வேலைதாம்மா. இந்த ஒரு நாள் அவளுக்கு" என்றேன். கிரியேட்டிவ் குரோத்தில் ஒரு படைப்பு விற்றால் பணத்தில் பாதி அதைச் செய்தவருக்குப் போகிறது என்பதையும் சொன்னேன். ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்த அந்த இடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்து, 2024இல் அதன் ஐம்பதாவது ஆண்டையொட்டிக் கண்காட்சியும் வைத்தது. அப்படி ஒரு இடம் சென்னையில் வர வேண்டும் என்பது என் ஆசை. இடத்துக்கா பஞ்சம்? பள்ளிக்கூடங்கள் சாயங்காலம் காலியாகத்தான் கிடக்கின்றன, சமுதாயக் கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கேட்கும் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் எத்தனை கைகள் மாதிரி பார்க்காமல் எதையாவது செய்ய நினைத்திருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை.

பெற்றவர்களிடம் நான் கேட்பது மூன்று. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால், புத்தியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புவதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள். தாம்பாளத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். காது கேட்கவில்லை என்று தெரிந்தால், பிள்ளை உங்கள் மொழிக்கு வரும்வரை காத்திருக்காமல் நீங்களும் சைகை படியுங்கள். வீட்டில் அம்மாவுக்குப் புரியாவிட்டால் பள்ளியில் கற்ற சைகை பாதிதான் பயன். மூன்றாவது, அதன் கையில் நூலோ மண்ணோ வண்ணமோ கொடுத்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கேட்காமல் விடுங்கள். ஒரு மாதத்தில் ஒன்றும் வரவில்லை என்று பிடுங்கிவிடாதீர்கள். ஜூடித்துக்கு இரண்டு வருடம் ஒன்றும் வரவில்லை.

பள்ளிகளை நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். கைத்தொழில் வகுப்புக்கு வாரத்தில் ஐந்து மணிநேரம் ஒதுக்கியிருந்தால், அதில் ஒரு மணிநேரத்துக்கு மாதிரியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். செலவு ஒரு மூட்டை வெட்டுத்துணி. ஜூடித் ஸ்காட்டுக்கு அப்படி ஒரு மேஜை கிடைத்தபோது வயது 43. நம் பிள்ளைகளுக்கு நான்கு வயதிலேயே அது கிடைக்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது.